கடைசி வீட்டுக் குழாய்

தஞ்சாவூர்க்காரன் என்று சொன்னால் வெளியூரில் உடனே வருகிற பதில், "உங்களுக்கென்ன, தண்ணீர்க் கவலை இல்லாத சீமை" என்பதுதான். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிவதைப் பத்திரிகைப் படத்தில் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். வயலுக்கு வருகிற தண்ணீர் வேறு, குடத்துக்கு வருகிற தண்ணீர் வேறு. ஐப்பசியில் வாசற்படி வரை வெள்ளம் நிற்கிற தெருவிலேயே குடிதண்ணீருக்குப் பெண்கள் வரிசை கட்டி நிற்பதை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தேன். 1971-ல் தொடங்கிய வாரியம் அது. இடையில் சில வருஷம் தவிர, ஓய்வு பெறும்வரை இந்த டெல்டாவில்தான் வேலை. திருவையாற்றுப் பக்கம் ஆற்று மணலை ஒட்டிப் போர் போட்டால் நல்ல தண்ணீர் சுலபமாகக் கிடைக்கும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று தெற்கே போகப் போக ஆழம் கூடும். கடலோரம் நெருங்கினால் கணக்கே மாறிவிடும். சில இடத்தில் மேலே உப்பு, கீழே நல்லது. சில இடத்தில் மணல்மேட்டில் கைக்கெட்டும் ஆழத்தில் இனிப்பான ஊற்று, அதைத் தாண்டினால் உப்பு. வேதாரண்யம் பக்கத்துக்கு உள்ளூரில் வழியே இல்லாமல்தான் கொள்ளிடத்திலிருந்து அத்தனை தூரம் குழாய் போட்டுக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுபோனார்கள். ஒரே டெல்டா, ஊருக்கு ஊர் வேறு தண்ணீர். வெளியிலிருந்து வருகிறவன் ஊர்க்காரர்களைக் கேட்காமல் இங்கே ஒரு போர் போடக்கூட முடியாது.

நான் சேர்ந்தபோது கிராமத்துக் குடிநீர் என்றால் அடிபம்புதான். எழுபதுகளில் உருவான இந்தியா மார்க் 2 பம்பு. உறுதியானது, ஊரே நாள் பூராவும் அடித்தாலும் தாங்கும். உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டால் மட்டும் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டி, செயின் கப்பி, ஆட்கள் என்று ஒரு குழுவே வர வேண்டும். குழு வருகிறவரை ஊர் காத்திருக்கும். எண்பதுகளில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் பல வருஷம் இந்தப் பம்புகளைக் கள ஆய்வு செய்தார்கள். தோல் வாஷரைவிட நைட்ரைல் ரப்பர் வாஷர் அதிக நாள் உழைக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. குழாயைத் தூக்காமலே உள்ளிருக்கும் பாகத்தை மட்டும் உருவி எடுக்கிற மாதிரி, மார்க் 3 என்ற பம்பும் அந்த ஆய்விலிருந்தே வந்தது. இரண்டு பேர், ஒரு ஸ்பானர் இருந்தால் ஊரிலேயே பழுது பார்க்கலாம். உலகம் முழுக்க அடிபம்புக்காரர்கள் கோயம்புத்தூர்ப் பாடத்தைப் படித்தார்கள். ஒரு பம்பின் ஆயுளை, அதைச் சரிபார்க்கிற ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்ற அந்தப் பாடம் என் வேலைக்கு அடிப்படையாக நின்றது.

பிறகு மேல்நிலைத் தொட்டிகள் வந்தன. போர், மோட்டார், 30,000 லிட்டர் தொட்டி, தெருக்குழாய். அடிபம்பில் தண்ணீர் எடுத்தவருக்குத் தன் கை பலம்தான் அளவு. தொட்டி வந்தபிறகு மோட்டார் சுவிட்சும் வால்வு சாவியும் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போயிற்று ஊரின் தண்ணீர். பாசனத்தில் தலைமடை, கடைமடை என்று ஆயிரம் வருஷமாகச் சண்டை போட்டுத் தீர்வும் கண்ட மண் இது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். மதகைக் கவனிக்கிற லஸ்கர் ஷட்டரை ஒரு விரற்கடை கூடத் தூக்கினாலும் கீழ்மடைக்காரன் மோப்பம் பிடித்துவிடுவான். வாய்க்காலில் அப்படி விழித்துக்கொண்டிருக்கிற ஊர், தெருக்குழாயில் கடைசித் தெரு காய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. கடைசித் தெரு பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் காலனித் தெருவாக இருந்ததுதான் அதற்குக் காரணம். வேறு காரணம் எதையும் நான் கண்டதில்லை.

2004-ல் எங்கள் பொறியாளர்கள் மறைமலைநகரில் கூடி ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். மறைமலைநகர்ப் பிரகடனம் என்று அதைச் சொல்வோம். வாரியத்தில் அப்போது பொறுப்பிலிருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி விபு நாயரும் சென்னை வழக்கறிஞர் வி. சுரேஷும் இந்த முயற்சிக்கு முன்னின்றவர்கள். இருக்கிற திட்டங்களை ஒழுங்காக ஓட்டி, கூடுதல் பணம் கேட்காமலே தண்ணீர் கிடைக்காத மக்களுக்குக் கொடுப்பது, நீராதாரத்தைக் காப்பது, நாமும் ஊரில் ஒருவர் என்று நினைத்து வேலை செய்வது என்பவை அதன் சாரம். சோதனையாக 145 ஊராட்சிகளில் இதைச் செய்தார்கள். அந்தக் கூட்டங்களுக்குக் கூடம் என்று பெயர். நம் பழைய வீட்டுக் கூடம்போல மேடையும் நாற்காலியும் இல்லாமல் வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். தலைமைப் பொறியாளரும் தரையில், மோட்டார் போடுகிறவரும் தரையில். அதிகாரிகளில் பலருக்கு அது எளிதாக வரவில்லை. எனக்குச் சீக்கிரம் பிடித்துப்போயிற்று. காரணம், முதல் கூட்டத்திலேயே ஒரு பாட்டி பேசியது.

பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே ஓர் ஊர். சுமார் இருநூறு வீடு, எண்ணூற்றைம்பது பேர். தண்ணீர் போதவில்லை, புதுப் போரும் புதுத் தொட்டியும் வேண்டும் என்று ஊர்த் தீர்மானம் எங்கள் மேசைக்கு வந்திருந்தது. கூடம் போட்டோம். ஆண்கள் மோட்டார் குதிரைத்திறனைப் பற்றியே பேசினார்கள். கடைசியில் காலனித் தெருப் பாட்டி ஒருவர் எழுந்து, "தம்பி, புதுத் தொட்டி கட்டினாலும் அது எங்க தெருவுக்கு வராது. இருக்கிற தண்ணி எங்கே போவுதுன்னு மொதல்ல பாருங்க" என்றார். பொறியாளன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

பார்த்தோம். மோட்டார் மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் இறைத்தது. ஆபரேட்டரைக் கேட்டால் நாளைக்கு ஏழு மணி நேரம் ஓடுகிறது என்றார். எழுபதாயிரம் லிட்டர் ஆயிற்று. அன்றைய அளவுகோல் ஆளுக்கு 40 லிட்டர். அந்தக் கணக்கில் ஊருக்குத் தேவை 34,000 லிட்டர். தேவையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, ஊரில் பாதிப் பேருக்குத் தண்ணீர் இல்லை. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் நாலு யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஆகும். அந்தப் பில்லையும் ஊராட்சிதான் கட்டிக்கொண்டிருந்தது.

அளக்க நாங்கள் மீட்டர் எதுவும் கொண்டுபோகவில்லை. ஒரு பிளாஸ்டிக் குடமும் கைக்கடிகாரமும் போதும். குடம் ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களே தெருத் தெருவாகப் போய், குழாய்க்கடியில் குடத்தை வைத்து நேரம் குறித்தார்கள். தொட்டியடித் தெருவில் ஒரு நிமிஷத்தில் குடம் வழிந்தது. நடுத்தெருவில் நாலைந்து நிமிஷம். காலனித் தெருவின் கடைசிக் குழாயில் கால் மணி நேரம் ஆகியும் குடத்தின் கழுத்து வரை ஏறவில்லை. இதை ஒரு தாளில் படமாக வரைந்து கோயில் வாசலில் ஒட்டினார்கள். குறை சொல்லிப் பேசும்போது மறுத்தவர்கள், எழுதி ஒட்டிய நிமிஷக் கணக்கை மறுக்கவில்லை. அவரவர் தெருப் பெண்களே அளந்தது அது.

நாங்கள் திட்டம் போடும்போது எல்லாக் குழாயும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஊரில் அப்படி இருப்பதில்லை. தண்ணீர் வேகம் குறைந்தால் வீட்டுக்காரர் குழாயை அறுத்துத் தாழ்த்துவார். பக்கத்து வீடு அதைவிடத் தாழ்த்தும். கடைசியில் வாசலில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் இறங்கிக் குடத்தை வைக்கிற நிலைமை வந்துவிடும். வசதியுள்ளவர் குழாயில் டுல்லு மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார். ஒவ்வொரு குழியும் அடுத்த தெருவின் தண்ணீரை இழுக்கிறது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. தொட்டி வால்வை மூடியதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, குழியில் தேங்கிய சாக்கடையும் மழைநீரும் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் வால்வைத் திறக்கும்போது முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான். டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இந்தக் குழிகளைத்தான்.

குழிகளை மூடுவதற்கு எங்களிடம் அதிகாரம் இல்லை, ஊரிடம்தான் இருந்தது. குடிநீருக்கென்று ஒரு குழு போட்டார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஆள், பாதிக்கு மேல் பெண்கள். செயலாளராக வந்தவர் பத்தாவது படித்த ஓர் அக்கா. அங்கன்வாடிக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். கணக்கு எழுதுவதில் அவரைப்போல நேர்த்தியானவரை அலுவலகத்தில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை. குழு முதலில் எடுத்த முடிவு, விடியற்காலையில் காலனித் தெருவுக்குத்தான் முதல் தண்ணீர், தொட்டியடித் தெருவுக்குக் கடைசி என்பது. அதற்கு மூன்று பகுதியாகப் பிரித்து, மூன்று கேட் வால்வு வைக்க வேண்டியிருந்தது. புதுத் தொட்டிக்கு ஆகிற செலவில் அது ஒரு மூலைக்குக்கூட வராது.

தொட்டியடித் தெருவில் முணுமுணுப்பு இருந்தது. சிலர் குழியை மூட மறுத்தார்கள். செல்வாக்குள்ள ஒருவர் வீட்டு மோட்டாரை எடுக்கச் சொல்லவே ஆண்கள் தயங்கினார்கள். அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் கணக்கு நோட்டோடு அவர் வீட்டுக்குப் போனார்கள். வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு காலனித் தெருவின் கடைசிக் குழாய்க்கு நடந்தார்கள். நின்று பார்க்க வைத்தார்கள். மோட்டார் ஒரே நாளில் எடுக்கப்படவில்லை. கிராம சபையில் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை இணைப்புத் துண்டிப்பு என்று தீர்மானம் எழுதி, உண்மையிலேயே ஒரு வீட்டில் துண்டித்துக் காட்டிய பிறகுதான் எடுக்கப்பட்டது. துண்டித்தது குழுவின் முடிவு. அதிகாரி துண்டித்திருந்தால் அது கட்சிச் சண்டையாகப் போயிருக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதம் முப்பது ரூபாய் தண்ணீர் வரி என்று ஊரே நிர்ணயித்தது. "தண்ணிக்குக் காசா" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கலாம், தவறில்லை. தண்ணீருக்கு விலையில்லை, அதை ஏற்றி இறக்குவதற்குச் செலவு இருக்கிறது. அந்தச் செலவை ஊர் பார்த்ததே இல்லை. மின்கட்டணமும் கூட்டுக் குடிநீர்க் கட்டணமும் ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கிலிருந்து போய்விடும். மோட்டார் விடிய விடிய ஓடித் தொட்டி வழிந்தாலும் யாருக்கும் வலிப்பதில்லை. அக்கா செய்ததெல்லாம் தொட்டித் தூணில் கறுப்புப் பலகை அடித்து, இந்த மாதம் மோட்டார் ஓடிய மணி, கரண்ட் பில், வசூலான வரி, எத்தனை வீடு பாக்கி என்று நாலு வரி எழுதியதுதான். பாக்கிக்காரர் பெயரை எழுதக் கூடாது என்று அவரே தீர்மானமாகச் சொன்னார். தண்ணீர் வந்த தெருவில் வரி வசூலானது. வராத நாளில் வசூலுக்குப் போகக் கூடாது என்று குழு ஒரு விதி வைத்திருந்தது, அதை நான் மிகவும் மதித்தேன்.

சில மாதத்தில் மோட்டார் ஓடுகிற நேரம் குறைந்தது, கடைசிக் குழாயில் குடம் மூன்று நிமிஷத்துக்குள் நிறைந்தது. புதுப் போர் கேட்ட தீர்மானத்தை ஊரே திரும்பப் பெற்றது.

ஆபரேட்டர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தொட்டி ஆபரேட்டர் வாங்குகிற சம்பளத்தை வைத்து ஒரு குடும்பம் நடத்த முடியாது. ஆனால் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் போடுவது, வால்வு மாற்றுவது, பைப் உடைந்தால் சேற்றில் இறங்குவது, மாதம் இரண்டு தடவை தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவது எல்லாம் அவர் பாடு. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அதை வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். மூட்டையைப் பிரித்து மாதக்கணக்கில் திறந்து வைத்தால் பவுடரின் வீரியம் போய்விடும். பிறகு எவ்வளவு போட்டாலும் வெறும் சுண்ணாம்புதான். இதை அவருக்குச் சொல்லிக் கொடுக்காமல், தொற்று வந்ததும் அவரைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை. தொட்டிக்குள் இறங்கும்போது மேலே இன்னொரு ஆள் நிற்காமல் இறங்கவே கூடாது என்பதை ஒவ்வொரு பயிற்சியிலும் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

குளோரின் சேர்ந்திருக்கிறதா என்று தொட்டியடியில் பார்ப்பதில் பயனில்லை. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் காணும். நிறம் வந்தால் சரி, வராவிட்டால் எங்கோ பைப் உடைந்து அழுக்கு சேர்கிறது அல்லது மருந்து போடவில்லை. இதைப் பெண்கள் அரை நாளில் கற்றுக்கொண்டார்கள். "மருந்து வாடை அடிக்குது, போடாதீங்க" என்று சண்டைக்கு வந்தவர்களிடம் அவர்களே மஞ்சளைக் காட்டிச் சமாதானம் சொன்னார்கள். நாங்கள் சொன்னால் எடுபடாதது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், சித்தி சொன்னார் என்றால் எடுபடும்.

காலனித் தெருவுக்கு முதல் தண்ணீர் என்ற முடிவு எல்லா ஊரிலும் நடக்கவில்லை. பல ஊரில் தனித் தொட்டி கட்டிக் கொடுத்துவிடுவதே சுலபம் என்று நினைத்தார்கள். எனக்கு அதில் சம்மதம் இருந்ததில்லை. தனித் தொட்டி கட்டினால் அதன் பராமரிப்பும் தனியாகக் கைவிடப்படும். 2022 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை நாடே பார்த்தது. செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. தொட்டி கட்டுகிற தொழில் செய்தவனுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. ஒரே தொட்டி, ஒரே குழு, ஒரே நேரப் பட்டியல் என்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று அன்று முதல் இன்னும் உறுதியாகச் சொல்லி வருகிறேன்.

இனி 2018-ல் வந்த புயலைப் பற்றி. அதற்கு முன்னால் ஊர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. ஊராட்சித் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. ஒரு தனி அலுவலர் கையில் பல ஊராட்சிகள். அந்த வருஷ வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 கோடையில் போர்களில் மட்டம் இறங்கி, மோட்டாரைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் பல ஊர் மறியலுக்கு உட்கார்ந்தது. குழு இருந்த ஊர்களில் வரிப்பணத்திலிருந்து பைப் வாங்கி மோட்டாரை இறக்கிக்கொண்டார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா புயல் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வழியாகத் தென்னையை எல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு போயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் வர வாரக்கணக்காகும் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பூமிக்கடியில் தண்ணீர் இருக்கிறது, தொட்டி உடையாமல் நிற்கிறது, குழாய் இருக்கிறது. மோட்டாரை ஓட்ட மின்சாரம் இல்லை. அடிபம்புகள் எல்லாம் எப்போதோ பிடுங்கப்பட்டுவிட்டன. சோறு கொண்டுவந்தவர்களிடம்கூட மக்கள் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

மரங்களை அறுத்துக்கொண்டே, கூடம் போட்ட பட்டுக்கோட்டைக் கிழக்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அவர்கள் கல்யாண மைக்செட் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இணைத்துப் பார்த்திருந்தார்கள். விளக்கு எரிந்தது, மோட்டார் முனகிவிட்டு நின்றது. மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடப் புறப்படும்போது ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அதைத் தாங்காது, வம்படியாக ஓட்டினால் மோட்டார் காயில் எரிந்துவிடும். அப்புறம் கரண்ட் வந்தாலும் தண்ணீர் கிடையாது. 20 கே.வி.ஏ. அளவில் ஒன்று வேண்டும் என்றேன். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்குமே வாடகைக்கு இல்லை. குழு உறுப்பினர் ஒருவரின் மச்சான் புதுக்கோட்டைக்கு அப்பால் டிராக்டரில் ஓடுகிற ஆல்டர்னேட்டர் வைத்திருந்தார். அது வந்தது. வாடகை, டீசல் இரண்டையும் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். கொடுக்க முடியாதவர்களிடம் கேட்க வேண்டாம் என்றும் முடிவு செய்தார்கள்.

அதைவிட முக்கியமானது தண்ணீரைப் பங்கிட்ட விதம். ஒரு தடவை தொட்டி நிறைய ஓட்டினால் 30,000 லிட்டர். அக்காவின் நோட்டில் எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறவர் என்ற பட்டியல் ஏற்கெனவே இருந்தது. கடைசித் தெருவிலிருந்து தொடங்கி வீட்டுக்கு இத்தனை குடம், பிறகு மாட்டுக்கு, மிச்சமிருந்தால் குளிக்க என்று வைத்தார்கள். ஓட்டு வீடும் கூரை வீடும் போனவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள், அங்கே ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைத்து முதலில் அதை நிரப்பினார்கள். குளோரின் அளவைக் கூட்டிப் போட்டார்கள். அந்த வாரங்களில் அந்த ஊரில் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை என்று கிராமச் செவிலியர் என்னிடம் சொன்னார். பக்கத்து ஊர்களில் லாரித் தண்ணீருக்கு அடிதடி நடந்த நாட்கள் அவை. இரண்டு ஊருக்கும் ஒரே புயல், ஒரே மாதிரித் தொட்டி. பத்து வருஷத்துக்கு மேலாக எழுதி வந்த அந்த நோட்டு மட்டும்தான் வித்தியாசம்.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. அன்று நாட்டில் கிராமத்து வீடுகளில் நூற்றுக்குப் பதினேழில்தான் குழாய் இருந்தது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர், ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் என்பது இலக்கு. இன்று தமிழ்நாட்டில் பத்தில் எட்டு வீட்டுக்கு மேல் குழாய் வந்துவிட்டது. குடத்தை இடுப்பில் சுமந்த பெண்களின் முதுகைப் பார்த்தவன் என்ற முறையில் இதை மனம் நிறைந்து பாராட்டுகிறேன். வாசலில் குழாய் வருவது சின்ன விஷயமே இல்லை.

அந்தத் திட்டத்தின் விதியிலேயே கிராமக் குடிநீர் சுகாதாரக் குழு இருக்கிறது. பத்து முதல் பதினைந்து பேர், பாதிப் பேர் பெண்கள். ஊருக்குள் ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்கை ஊர் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும், மலைப்பகுதிகளிலும் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் உள்ள ஊர்களிலும் இருபதில் ஒரு பங்கு. ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை கற்றுத்தர வேண்டும், பரிசோதனைப் பெட்டி தர வேண்டும். நாங்கள் 2004-ல் தரையில் உட்கார்ந்து பேசியதெல்லாம் விதியாகவே வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தால், பல இடத்தில் குழு என்பது ஒரு தீர்மானப் புத்தகத்தில் உள்ள பதினைந்து கையெழுத்தாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டவருக்கே தான் உறுப்பினர் என்று தெரியவில்லை. பரிசோதனைப் பெட்டி பீரோவில் இருக்கிறது, மருந்து காலாவதியாகிவிட்டது. குழாய் பதிப்பதற்கு ஒப்பந்தக்காரர் இருக்கிறார், கெடு இருக்கிறது, பில் இருக்கிறது. குழுவை வளர்க்க யாருக்கும் கெடு இல்லை.

வீட்டுக்கு வீடு குழாய் வந்தபிறகு குழு முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. பத்து வீட்டுக்கு ஒரு தெருக்குழாய் இருந்தபோது தண்ணீர் வராவிட்டால் பத்துப் பெண்களும் ஒன்றாக நின்று கேட்டார்கள். இப்போது அவரவர் வாசலில் அவரவர் குழாய். வராத வீடு தனியாகத் தவிக்கிறது, பக்கத்து வீட்டுக்குத் தெரிவதுகூட இல்லை. திறந்த குழாய் ஒன்று நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் கொட்டினால் மணிக்கு முந்நூறு லிட்டர். ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் முழு நாள் பங்கைவிட அது அதிகம். மூடி போடாத குழாய்கள் ஒரு தெருவில் நாலு இருந்தால் கடைசித் தெரு காய்ந்துவிடும்.

ஊற்றுக்கண்ணைப் பற்றிய கவலையும் எனக்கு உண்டு. கொள்ளிடத்து மணலில் நிற்கிற கிணறுகள்தான் கடலோரக் கிராமங்களுக்குக் குடிநீர் தருகின்றன. அந்த மணலை அள்ளினால் பல மைல் தள்ளி இருக்கிற ஊரின் குழாய் காய்கிறது. கடலோரத்தில் போர்களை ஆழம் ஆழமாகப் போட்டுக்கொண்டே போனால் உப்பு உள்ளே ஏறும், ஏறிய உப்பு நம் காலத்தில் இறங்காது. ஊர்க்குளத்தைத் தூர் வாரி நிரப்பி வைத்தால் பக்கத்துப் போரில் தண்ணீர் தேறுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். குளத்தையும் தொட்டியையும் ஒரே குழு கவனிக்க வேண்டும். இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

2025 ஜனவரியில் நம் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இருக்கிறாரோ இல்லையோ, விடியற்காலை நாலரைக்கு மோட்டார் ஓட வேண்டும். அதைக் கவனிக்க ஊரில் உயிருள்ள ஒரு குழு இருக்க வேண்டும். கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கென்றே வைத்த நாள். டெல்டாவில் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். போவதற்கு முன்னால் ஒரு குடத்தோடு உங்கள் ஊரின் கடைசி வீட்டுக்குப் போய், நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சபையில் படியுங்கள். கடைசியாகத் தண்ணீரைப் பரிசோதித்தது எந்தத் தேதி என்று கேளுங்கள். குடிநீர்க் குழு உறுப்பினர்களின் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் கடைசித் தெருப் பெண்கள் இரண்டு பேராவது இல்லையென்றால், அன்றே சேர்த்துத் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்.